ரப்பர் புகைப்புரையும் பன்னிச் சப்பையும்

எங்கள் பக்கத்தில் வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது. ஜூனில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த மாதிரி இருக்கும், அதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்து நிற்கும். இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் கன்னியாகுமரி. அதிலும் குலசேகரம், அருமனை, பத்துகாணி என்று மலையடிவாரமாகப் போகப் போகத் துணி காய்வதே பெரும்பாடு. அதனால் வெயில் பார்க்க வேண்டிய வேலையை இங்கே பெரும்பாலும் புகைதான் பார்க்கிறது. குடம்புளியை அடுப்புக்கு மேலே போட்டுக் கறுக்க வைப்பார்கள். ரப்பர் ஷீட்டைப் புகைப்புரையில் தொங்கவிடுவார்கள். எல்லைக்கு அந்தப்புறம் இடுக்கி, கோட்டயம் மலைப்பக்கத்தில் மாட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் பிரட்டி, அடுப்புப் புகையில் உலர்த்தி, உரலில் இடித்து இடியிறைச்சி ஆக்குகிறார்கள். கடலுக்குள் மினிக்காய் தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை அவித்து, புகைபோட்டு, காயவைத்தால் அது மாசி.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இறைச்சி புகைபோட டிரம் ஒன்று செய்திருக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் “யூடியூப் பாத்து வெள்ளைக்காரன் வேலை தொடங்கியாச்சா?” என்கிறார்கள். 200 லிட்டர் இரும்பு டிரம்மை நிமிர்த்தி வைத்து, அடியில் கரி, மேலே கம்பி வலை, அதற்குமேல் மூடி என்கிற அமைப்பு அமெரிக்கர்களின் பின்வாசல் பழக்கம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதை ஓட்டத் தெரிந்துகொண்டது பக்கத்துத் தோட்டத்துப் புகைப்புரையில்.

புகைப்புரை பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜன்னல் இல்லாத, உயரமான ஒரு சின்ன அறை. அடுப்பு அறைக்கு வெளியே, தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும். அங்கே எரிகிற ரப்பர் விறகின் புகை, தரைக்கடியில் போகிற ஒரு சுரங்கம் வழியாக உள்ளே ஏறும். கூரையை ஒட்டிப் புகை வெளியேற வாய்கள், அவற்றை மூடித் திறக்க இரும்புத் தகடு. ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, நிழலில் நீர் வடியவிட்ட ஷீட்டுகள் உள்ளே வரிசையாகத் தொங்கும். சூடு 40-இலிருந்து 60 டிகிரிக்குள். நாலு நாள் போல ஆகும். போகும்போது பால்நிறத்தில் இருந்தது வரும்போது தேன் நிறத்தில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். புகையிலிருக்கிற ஃபீனால்கள் அதில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும். செய்தித்தாளில் தினமும் விலை வருகிற ஆர்.எஸ்.எஸ். 4 (ரிப்டு ஸ்மோக்டு ஷீட்) என்பது இப்படிப் புகைபோட்ட ஷீட்டின் ஒரு தரம்தான்.

2011-இல் கிலோ 240 ரூபாய் வரை போய், அப்புறம் ஐந்தே வருடத்தில் நூறுக்கும் கீழே இறங்கிய விலை பலருடைய புகைப்புரையை மூடவைத்தது. ஷீட் அடிக்கவும் உலர்த்தவும் ஆள்கூலி கட்டாது என்று பாலாகவோ, சிரட்டையில் தானாக உறைந்த ஒட்டுப்பாலாகவோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து மாமாவின் புகைப்புரையும் அப்படித்தான் சும்மா கிடக்கிறது. அங்கிருந்து எனக்குக் கிடைத்தவை சில கொக்கிகள், புகைவாயை மூடுகிற ஒரு தகடு, அப்புறம் மாமா.

முதலில் டிரம்.

கேரள எல்லையோரப் பனச்சமூடு போகிற வழியில் ஓர் ஆக்கர் கடை, அதாவது பழைய சாமான் கடை, இருக்கிறது. கடைக்காரருக்கு இரண்டு மாநிலத்துக் கழிவும் வரும், பேச்சிலும் இரண்டும் கலந்திருக்கும். நிறைய டிரம் அடுக்கியிருந்தார். பாதி தார் டிரம், ரோட்டு வேலைக்கு வந்தவை. அவற்றைப் பார்க்கவே வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஸ்ப்ரே ஆயில் டிரம். ரப்பருக்கு மழைக்கு முன்னால் இலை உதிராமல் இருக்க காப்பர் ஆக்ஸிகுளோரைடை இந்த எண்ணெயில் கலந்துதான் தெளிப்பார்கள், அதனால் எங்கள் வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பது இதுதான். நல்ல கனமான தகடு, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். சாப்பாட்டுக்கு ஆகவே ஆகாது.

“இதுல என்ன அண்ணே இருந்துது?” என்று தனியாகக் கிடந்த ஒன்றைக் காட்டிக் கேட்டேன்.

“எண்ணெயாக்கும்.”

“என்ன எண்ணெய்?”

“எண்ணெயின்னா எண்ணெய் தம்பி. மோந்து பாரும்.”

மோந்து பார்த்தேன். இந்த விஷயத்தில் மூக்கைத் தவிர வேறு ரசீது கிடையாது. பழைய பாமாயிலின் சிக்கு வாடை அடித்தது, வெளியே பாதி அழிந்த லேபிளிலும் சமையல் எண்ணெய் என்றே இருந்தது. பெட்ரோல், தின்னர், பூச்சிமருந்து வாடை லேசாக வந்தாலும் விட்டுவிட வேண்டும். வாடையை எரித்துப் போக்கிவிடலாம் என்று நினைத்து அப்படிப்பட்ட டிரம்மில் கட்டிங் வீலை வைத்தால், உள்ளே தங்கியிருக்கிற ஆவி தீப்பொறி பட்டு வெடிக்கும். மூடிய டிரம்களை வெட்டப்போய் உயிரை விட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. சமையல் எண்ணெய் டிரம்மாகவே இருந்தாலும் வாயைத் திறந்து கழுவிய பிறகுதான் துளை போடவேண்டும். எனக்குக் கிடைத்தது மேல்மூடி முழுசாகக் கழலும் வகை, வளையம் போட்டு இறுக்குவது. அதனால் வெட்டுகிற வேலையே இல்லை. மூடியில் ஏற்கெனவே 2 அங்குலத்தில் ஒரு திருகுவாய் இருந்தது, புகை போக அதுவே போதும்.

பழைய கேஸ் சிலிண்டரில் செய்கிறவர்களின் வீடியோ நிறைய சுற்றுகிறது. சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நம்மிடம் இருப்பது வைப்புத்தொகைக்கு. வெட்டினால் சட்டப்படியும் தப்பு, உள்ளே மிச்சம் இருந்தால் ஆளுக்கும் ஆபத்து. அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கரி வைக்கிற கூடைதான் அன்றைக்கு ஆக்கர் கடையில் எனக்கு அடித்த யோகம். முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷின் ஒன்றின் உள்டிரம், உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளைகளோடு எவர்சில்வரில் பளபளவென்று கிடந்தது. டிரம்முக்குள் போகிற அகலம். காற்று எல்லாப் பக்கமும் புகுந்து வரும், கரி கீழே விழாது, இதைவிடப் பொருத்தமாகக் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதன் பின்பக்கம் மூன்று கையோடு ஓர் அலுமினிய வார்ப்பு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதைக் கழற்றிவிட வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஊதிவிட்ட கரிக்கு அந்தச் சூடு எட்டாத சூடல்ல. கழற்றிய பிறகு பாதி உயரத்துக்கு வெட்டி, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிற்கக் கால் வைத்தோம். சாம்பல் விழ இடம் வேண்டுமே.

காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. பாத்திரக் கடைக்கு அது பெரும்பாலும் சரி. வாஷிங் மெஷின் டிரம்கள் பல காந்தம் ஒட்டுகிற வகை எவர்சில்வரிலேயே செய்யப்படுகின்றன, அதனால் அதை வைத்து ஒதுக்கவேண்டாம். ஒதுக்க வேண்டியது துத்தநாகம் பூசிய தகடும் கம்பியும்தான், நாம் ஜி.ஐ. என்கிறோமே, அது. தீக்குப் பக்கத்தில் பூச்சு கருகி வருகிற புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்க்காய்ச்சல் மாதிரி உடம்பை முறிக்கும், வெல்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதே காரணத்துக்காகப் பழைய ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டையும் வேண்டாம் என்றேன். பூச்சு என்னவென்று யாருக்கும் தெரியாது. இறைச்சி வைக்கிற வலைக்கு, மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடையின் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டை வாங்கி, அதன் கம்பிகளை வெல்டிங் பட்டறையில் வட்டமாக ஒட்டவைத்தேன். கரிக்கும் வலைக்கும் நடுவே ஒன்றரை அடிக்குக் குறையாமல் இடைவெளி.

டிரம்மின் உட்பூச்சை எரித்துப் போக்கிய நாளைப் பற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் இன்னும் நல்லவிதமாகப் பேசுவதில்லை. உள்ளே காவி நிறத்தில் எபாக்ஸி பூசியிருந்தது. விறகை நிறைத்துத் தகடு சிவக்கிற அளவுக்குத் தீப்போட்டால்தான் அது போகும், போகும்போது தோட்டம் முழுக்க நாறும். காயப்போட்ட துணியை எல்லாரும் திரும்ப நனைத்தார்கள். பிறகு கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, எண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் சூடேற்றினால் இரும்பின்மேல் கறுப்பாக ஒரு தோல் பிடிக்கும், தோசைக்கல்லைப் பழக்குகிற அதே வேலை. எங்கள் ஊரில் எதற்கும் தேங்காயெண்ணெய்தான், இதற்கு அது உதவாது. தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகும் எண்ணெய் அல்ல. சூரியகாந்தி எண்ணெய் நன்றாகப் பிடித்தது.

அடியில் முக்கால் அங்குலத் துளை மூன்று, ஒவ்வொன்றிலும் பழைய பிளம்பிங் சாமானிலிருந்து கழற்றிய பித்தளை வால்வு. வெளிக்காற்று நுழைகிற இடம் என்பதால் அங்கே அவ்வளவு சூடு ஏறாது. வலையின் மட்டத்தில் ஒரு வட்ட முள் வெப்பமானி. இது ஒன்றுதான் புதிதாக வாங்கியது. கொதிக்கிற தண்ணீரில் முக்கி 100 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பொருத்தினேன்.

இனி காற்று. சொல்லப்போனால் இந்த வேலை முழுக்கக் காற்றுதான்.

கரிக்கு எவ்வளவு காற்று கொடுக்கிறோமோ அவ்வளவுதான் சூடு. கூடை நிறையக் கரியைக் கொட்டி எல்லாவற்றையும் பற்றவைத்துவிட்டால் அப்புறம் அதைப் பிடிக்க முடியாது. பற்றாத கரிக்கு நடுவில் குழி பறித்து, கனல் கொஞ்சம் போட்டு, வால்வைத் திறந்துவைத்தால் அது மெல்லப் பக்கத்துக்குப் பக்கம் பிடித்துக்கொண்டே போகும். 90 டிகிரி வரும்போதே வால்வை ஒவ்வொன்றாகக் குறைக்கத் தொடங்கவேண்டும். 110-இல் நிறுத்த நினைத்து 110 வந்தபிறகு மூடினால் 140-க்குப் போய் நிற்கும். மேல்வாயை மட்டும் ஒருபோதும் முழுக்க மூடக்கூடாது, புகை உள்ளேயே தேங்கி இறைச்சி கசக்கும்.

இதை நான் எழுத்தில் படித்திருந்தேன். மாமா அதைக் கண்ணால் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். முதல்முறை டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர் வெப்பமானியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மக்களே, முள்ளப் பாக்காத. மேல போற பொகைக்க நெறத்தப் பாரு.”

“வெள்ளையாத்தான் மாமா போகுது.”

“அப்போ வெறகு ஈரம், இல்லேன்னா காத்து காணாது. எறச்சிய இப்போ வைக்காண்டாம், கேட்டியா.”

கால்மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளை மெலிந்து, பின்னால் இருக்கிற பச்சைக்கு எதிரே பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு நீலமாக மாறியது. வெள்ளையாகத் தெரிவது நீராவியும் சரியாக எரியாத தாரும் சேர்ந்த பெரிய துளிகள். நன்றாக எரிகிற விறகின் புகைத் துகள் மிகச் சிறியது, அதில் சிதறுகிற வெளிச்சம் நீலமாகத் தெரியும். ஷீட்டில் கறை பிடிக்கக்கூடாது என்று வருடக்கணக்கில் புகைவாயைப் பார்த்தே காலம் கழித்தவருக்கு இந்த இயற்பியல் தேவைப்படவில்லை.

எரிக்க எங்கள் ஊரில் தேங்காய்ச் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. சிரட்டைக்கரி சூடு அதிகம், வாடை குறைவு. துண்டு மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் பாதிக்குப் பாதி விறகுக்கரி கலக்கிறேன். கரி சூட்டுக்கு, மணத்துக்கு விறகுத் துண்டு தனி. ரப்பர் விறகு வேண்டிய மட்டும் கிடக்கிறது, ஆனாலும் அதைப் போடுவதில்லை. பட்டையில் தங்கின பால் கருகும் வாடை எனக்குப் பிடிக்காது. மரப்பட்டறையில் கிடக்கிற ரப்பர் மரத்துண்டை யாரும் போடக்கூடாது, அது பூச்சி அரிக்காமல் இருக்க போரான் மருந்தில் ஊறவைத்த மரம். பெயின்ட் அடித்த பழைய நிலை, ஜன்னல், இதெல்லாமும் அப்படியே. அண்டிக்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டை நினைத்தே பார்க்கவேண்டாம், அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகை தொண்டையை என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. கொய்யா அருமை. சக்கை மரம், அதாவது பலா, நன்று. புளியங்கட்டை சூடு கொடுக்கும், மணம் சுமார்.

அப்புறம் கிராம்பு. மலையோரத்தில் கிராம்புத் தோட்டங்கள் உண்டு, கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. மொட்டைப் பறித்தபின் கழிக்கிற காம்பைக் காயவைத்து ஒரு பிடி கரிமேல் போட்டுப் பார்த்தேன். விறகில் இருக்கிற லிக்னின் வெந்து உடையும்போது குவாயக்கால், சிரிங்கால் என்று இரண்டு சேர்மங்கள் வரும். புகைபோட்ட இறைச்சியின் ருசிக்கு முக்கியமாக முதலாவதும், மணத்துக்கு இரண்டாவதும் பொறுப்பு. கிராம்பின் யூஜெனால் அந்தக் குவாயக்காலின் நேர் சொந்தம், மூலக்கூறில் ஒரு வால் மட்டும் கூடுதல். அதனால்தானோ என்னவோ கிராம்புக் காம்பின் புகை இறைச்சியில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. ஒரு பிடிக்குமேல் போனால் பல் டாக்டர் கிளினிக் வாடை வந்துவிடும், ஜாக்கிரதை.

பன்னியின் முன்சப்பை, அதாவது தோள்பகுதி, எலும்போடு மூன்று மூன்றரைக் கிலோ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனால் நல்ல துண்டு கிடைக்காது, முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். கிலோவுக்கு 15 கிராம் உப்பு முந்தின ராத்திரி தடவி ஃப்ரிட்ஜில். காலையில் இடித்த நல்லமிளகு, மஞ்சள், பூண்டு. நல்லமிளகைப் பொடிக்காமல் உரலில் ஒன்றிரண்டாக இடிப்பது நல்லது, பொடி கருகிவிடும். 110 முதல் 120 டிகிரியில் வைத்து எட்டு ஒன்பது மணி நேரம் மறந்துவிடலாம். மறக்க முடியாது என்பது வேறு விஷயம். வருகிற ஆளெல்லாம் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். ஒருமுறை திறந்தால் சூடு போகும், காற்று புகுந்து கரி கிளரும், திரும்ப நிலைக்கு வர அரைமணி ஆகும்.

நடுவில் ஓர் இடம் வரும். இறைச்சியின் உள்சூடு 65, 70 வரை மளமளவென்று ஏறிவிட்டு அங்கேயே நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சிலசமயம் அதற்குமேலும் அசையாது. டிரம்மின் சூடு சரியாகவே இருக்கும். மேல்பரப்பில் கசிகிற நீர் ஆவியாகிக்கொண்டே இறைச்சியைக் குளிர வைக்கிறது, நமக்கு வியர்க்கிற மாதிரிதான். இந்த இடத்தில் கரியைக் கூட்டக்கூடாது. அமெரிக்காவில் இதற்கென்று ஒரு தடித்த காகிதத்தில் சுற்றுகிறார்கள். நமக்குப் பின்வாசலில் வாழை நிற்கிறது. அனலில் வாட்டிய இலையில் இரண்டு சுற்று சுற்றி, நாரால் கட்டித் திரும்ப வைத்தால் ஆவியாவது நின்று முள் ஏறத் தொடங்கும். 93-இல் எடுத்து, சுற்றினபடியே ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். கொலாஜன் உருகிப் பசையாகியிருக்கும், சப்பை எலும்பைப் பிடித்து இழுத்தால் கையோடு சுத்தமாக வந்துவிடும். வெளியே கறுத்த பொருக்கு, அதற்கடியில் அரை விரல் அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு வளையம். வேகவில்லை என்று பயப்படவேண்டாம். புகையின் நைட்ரிக் ஆக்ஸைடு மாமிசத்தின் சிவப்பைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்கிற வேலை அது.

அவித்த மரச்சீனிக்கிழங்கும், காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் சதைத்த சம்மந்தியும் போதும். கடைசியில் கொஞ்சம் மார்த்தாண்டம் தேன் தடவினேன். எங்கள் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன், பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பில் ஊறுகிற இனிப்பிலிருந்து தேனீ எடுப்பது. மாமா முதல் வாயைச் சாப்பிட்டுவிட்டு, “ஷீட் மணம் இல்ல” என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இதை வாராவாரம் சாப்பிடுகிற சாப்பாடாக நான் நினைக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை, புகைபோட்டதையும் சேர்த்து, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்தது. கொழுப்பு கனலில் சொட்டி எரியும்போதுதான் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் அதிகம் வருகின்றன. ஐரோப்பாவில் புகைபோட்ட இறைச்சிக்கு 2014 முதல் பென்சோபைரீனின் அளவு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. டிரம்மின் ருசியே அந்தச் சொட்டில்தான் இருக்கிறது என்று சண்டைபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடிபடவில்லை. கரிக்கும் வலைக்கும் நடுவே ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துவிடுகிறேன், ருசி ஒன்றும் ஓடிப்போகவில்லை. கோழி என்றால் உள்சூடு 74 தாண்டியதா என்று பார்க்காமல் யாருக்கும் பரிமாறுவதில்லை.

சூடே இல்லாமல் 30 டிகிரிக்குக் கீழே புகை மட்டும் காட்டுகிற குளிர்புகை முறையை நம் ஊரில் முயலவேண்டாம். இங்கே காற்றே 30 டிகிரி. அந்தச் சூட்டில், இந்த ஈரத்தில், பச்சை இறைச்சியை மணிக்கணக்கில் தொங்கவிடுவது கிருமிக்குத் தொட்டில் கட்டுகிற வேலை.

டிரம்முக்குப் பெரிய எதிரி சாம்பல். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அடித்தகட்டைத் தின்றுவிடும். ஆறினவுடன் அள்ளித் தென்னைக்குப் போட்டுவிடுகிறேன், மேலே ஒரு தகரமும் சாய்த்திருக்கிறேன்.

அடுத்து சூரை மீன். ஜூன் ஜூலை தடைக்காலம் முடிந்து ஆகஸ்டில் தேங்காய்ப்பட்டினத்தில் விசைப்படகுகள் இறங்கியதும் வாங்கி, அவித்து, புகைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு 110 டிகிரி ஆகாது, 60, 70-க்குள் நாள்முழுக்க நிற்கவேண்டும், ஒரே டிரம்மில் அடியில் கரியை வைத்துக்கொண்டு அதைச் சாதிப்பது கஷ்டம். அடுப்பைத் தனியாகக் கீழே வைத்துக் குழாய் வழியாகப் புகையை இழுக்கலாம், புகைப்புரை மாதிரியே, என்கிறார் மாமா. அவருடைய சுரங்கத்தின் அகலத்தையும் சரிவையும் அளந்து வைத்திருக்கிறோம். துத்தநாகம் பூசாத நாலு அங்குல இரும்புக் குழாய், எட்டடி நீளம் வேண்டும். ஆக்கர் கடையில் சொல்லியிருக்கிறேன், அவர் வழக்கம்போல “வரும்” என்றிருக்கிறார்.